கல் போல இருந்தால் போதுமா?

தென்காசிக்காரர்களுக்குக் கல்லைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் நடுவே காசி விசுவநாதர் கோவில் நிற்கிறது. 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கற்கோவில் அது. பிளந்துபோய் நெடுங்காலம் மொட்டையாக நின்ற அதன் கோபுரம் 1990-ல் மறுபடியும் முழுக் கோபுரம் ஆயிற்று.

அங்கிருந்து மூன்று கல் தொலைவில் குற்றாலம். ஆமாம், தூரத்தையே 'கல்' கணக்கில் சொன்ன நாடு இது! அங்கே பேரருவி விழும் பாறையில் சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் குறைந்த நாளில் அவற்றைப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் வந்தாலும் கல்தான். அம்மி கல். ஆட்டுரல் கல். வாசற்படி கல். துணி துவைப்பதும் கல்லில்.

இப்படிப்பட்ட ஊருக்கு இப்போது அட்டைப்பெட்டியில் கல் வந்து இறங்குகிறது!

பெட்டியைப் பிரித்தால் உள்ளே துண்டு துண்டாக மலைப்பாறை. ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று செம்மண் நிறம். கையில் எடுத்தால் கனமே இல்லை. திருப்பிப் பார்த்தால் முதுகு தட்டையாக இருக்கிறது. காரணம், அது கல் அல்ல. கல்லைப் போலச் செய்த சிமெண்ட்!

சுவரில் ஒட்டுவதற்கென்றே செய்வதால் இதை 'ஒட்டுக்கல்' என்று சொல்லலாம். வீட்டு முகப்பில் ஒட்டுகிறார்கள். தோட்டத்தில் கட்டும் வெளி அடுக்களையில் ஒட்டுகிறார்கள். வெளிநாட்டுப் படங்களில் வருகிற கணப்பு அடுப்பைப் பார்த்துவிட்டு, அதைப்போல் ஒன்று கட்டி அதிலும் ஒட்டுகிறார்கள்.

இது நல்லதா, கெட்டதா?

இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் நல்லது. நெருப்பின் வாயில் இருந்தால் கெட்டது. புகைப்போக்கிக்குப் போக வேண்டிய பணத்தை அது தின்றுவிட்டால், மிகவும் கெட்டது.

அச்சில் வார்த்த கல்

ஒட்டுக்கல் எப்படிப் பிறக்கிறது?

முதலில் அழகான ஒரு நிஜக் கல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன்மேல் ரப்பரைப் போல வளையும் பொருளைக் கொண்டு அச்சு எடுக்கிறார்கள். கல்லின் மேடு, பள்ளம், கீறல், வெடிப்பு எல்லாம் அந்த அச்சில் பதிந்துவிடும்.

பிறகு சிமெண்டையும், எடை குறைந்த சல்லியையும், வண்ணப் பொடியையும் குழைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். வண்ணத்துக்கு உதவுவது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பதும் அதே இரும்புதான். இறுகியதும் அச்சைக் கழற்றுகிறார்கள். கல் தயார்!

நிஜக் கல் இரண்டு ஒன்றுபோல் இருக்காது. ஒட்டுக்கல் அப்படியல்ல. அச்சுகள் எத்தனையோ, அத்தனை முகங்கள்தான் அதற்கு உண்டு. தெரிந்த கொத்தனார் நான்கைந்து பெட்டிகளைப் பிரித்துக் கலந்துதான் ஒட்டுவார். தெரியாதவர் ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக எடுத்து ஒட்டுவார். பக்கத்துப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல் கற்கள் நிற்கும். குட்டு வெளிப்பட்டுவிடும்!

போலிக்கும் ஒரு வரலாறு

கல்லைப்போல் ஒன்று செய்யவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நேற்று வந்ததல்ல.

லண்டனில் 1769-ல் எலினர் கோட் என்ற பெண்மணி ஒரு தொழிற்சாலையை நடத்தத் தொடங்கினார். களிமண்ணை ஒரு பக்குவத்தில் சுட்டு, கல்லைப்போல் சிலைகளும் அலங்காரங்களும் செய்து விற்றார். அந்த வகைக் கல்லில் 1837-ல் செய்த ஒரு சிங்கம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே இன்றும் நிற்கிறது. மழையும் பனியும் அதை அசைக்கவில்லை. செய்வதைத் திருந்தச் செய்தால் போலிக்கும் ஆயுள் உண்டு என்பதற்கு அந்தச் சிங்கமே சாட்சி.

1824-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் ஒரு புது சிமெண்டுக்கு உரிமை பெற்றார். இறுகியபின் அது போர்ட்லந்து என்ற இடத்துக் கல்லைப்போல் இருந்தது. அதனால் அதற்கு 'போர்ட்லந்து சிமெண்ட்' என்று பெயர் வைத்தார். இன்று மூட்டை மூட்டையாக நாம் வாங்குகிற சிமெண்டின் பெயரிலேயே கல் ஒளிந்திருக்கிறது!

திருநெல்வேலிச் சீமைக்கு அந்த சிமெண்ட் அந்நியமும் அல்ல. தாழையூத்துக்குப் பக்கத்தில் சங்கர்நகரில் 1949-லேயே சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் 1929-ல் 'பெர்மா ஸ்டோன்' என்ற பெயரில் சுவருக்குக் கல்வேடம் போடும் தொழில் தொடங்கியது. பால்டிமோர் நகரத்தில் 'பார்ம்ஸ்டோன்' என்ற பூச்சுக்கு 1937-ல் காப்புரிமை வாங்கினார்கள். அந்த ஊரில் தெருத்தெருவாகச் செங்கல் வீடுகள் உண்டு. அவற்றின்மேல் சிமெண்டைப் பூசி, கோடு கிழித்து, வண்ணம் கொடுத்து, கல் வீடுகள் ஆக்கிவிட்டார்கள். கொஞ்ச காலம் அதுவே பெருமை. பேரப்பிள்ளைகள் காலத்தில் பழைய செங்கல்தான் அழகு என்று பலர் காசு கொடுத்து அதை உரித்து எடுத்தார்கள்!

தனித்தனித் துண்டாக வார்த்து ஒட்டும் முறை கலிபோர்னியாவில் 1962-ல் ஒரு தொழிலாக வேரூன்றி, பிறகு உலகம் முழுவதும் பரவியது.

தாத்தா ஒட்டியதைப் பேரன் உரித்த பால்டிமோர் கதையை மட்டும் வாசகர்கள் மறந்துவிட வேண்டாம்.

பாரம் குறைவு

ஒட்டுக்கல்லின் முதல் நன்மை எடை.

பத்து அடி நீளம், நான்கு அடி உயரம் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 சதுர அடி. அதன்மேல் 4 அங்குல கனத்தில் கருங்கல்லை வைத்துக் கட்டினால் சதுர அடிக்கு ஏறக்குறைய 25 கிலோ ஆகும். நாற்பது சதுர அடிக்கு 1,000 கிலோ. அதாவது ஒரு டன்!

அத்தனை பாரத்தைத் தாங்க அடியில் கடைக்கால் வேண்டும். மாடியில் என்றால் நினைத்தே பார்க்கக்கூடாது.

ஒட்டுக்கல்லோ, சதுர அடிக்கு ஏறக்குறைய 7 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கக் கட்டட விதிகளில் நெடுங்காலம் இருந்த வரம்பு. அதே சுவருக்குக் கல்லின் எடை ஏறக்குறைய 280 கிலோவுக்குள் அடங்கிவிடும். தனிக் கடைக்கால் வேண்டாம். பளு தூக்கப் பத்துப் பேர் வேண்டாம்.

ஆகவே, கல்லின் தோற்றமும் வேண்டும், சுவருக்குப் பாரமும் கூடாது என்பவருக்கு ஒட்டுக்கல் உதவி செய்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

நெருப்பு ஏமாறாது

மனிதன் கண்ணை ஒட்டுக்கல் ஏமாற்றிவிடும். நெருப்பு ஏமாறாது.

விறகு அடுப்பின் நடுவில் 600, 700 டிகிரி சூடு எளிதில் வந்துவிடும். சிமெண்ட் அதைத் தாங்குமா?

சிமெண்ட் இறுகுவது தண்ணீரால். தண்ணீர் அதனோடு கலந்து உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொள்கிறது. சூடு ஏற ஏற அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. 300 டிகிரியைத் தாண்டினால் சிமெண்டின் பலம் இறங்கத் தொடங்குகிறது. 500 டிகிரியை நெருங்கும்போது அதில் உள்ள சுண்ணாம்புப் பகுதியே சிதைகிறது. பிறகு விரிசல். பிறகு பொடி.

"அப்படியானால் நிஜக் கருங்கல்லே வைத்துவிடலாமே!" என்று சிலர் கேட்பார்கள்.

அதுவும் சரிவராது. கருங்கல்லில் படிகக் கல் துணுக்குகள் உண்டு. 573 டிகிரியில் அந்தத் துணுக்குகள் திடீரென்று பருக்கின்றன. பக்கத்தில் இருக்கிற மற்றத் துணுக்குகள் அதே அளவு பருப்பதில்லை. உள்ளுக்குள்ளேயே இழுபறி! கல் வெடிப்பு விடுகிறது.

நெருப்புக்கு ஏற்றது தீச்செங்கல். கடையில் 'பயர் பிரிக்ஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ரொட்டி சுடும் அடுப்புக்கும் உலைக்களத்துக்கும் அதைத்தான் வைக்கிறார்கள். அதை இணைக்கும் கலவையும் சூடு தாங்கும் களிமண் கலவையாக இருக்கவேண்டும். வெறும் சிமெண்டும் மணலும் ஆகாது.

நம் பாட்டிமார் இதையெல்லாம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். களிமண்ணில் உமியைக் கலந்து மிதித்து அடுப்புப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு கொடியடுப்பும் வைத்தார்கள். விரிசல் கண்டால் அன்று சாயங்காலமே மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிவிட்டார்கள். செலவு இல்லை. அடுப்பும் உதிரவில்லை.

முடிவு இதுதான்: நெருப்பு தொடும் இடத்தில் தீச்செங்கல் அல்லது மண். நெருப்பு தொடாத வெளிப்பக்கத்தில் வேண்டுமானால் ஒட்டுக்கல். இந்த எல்லைக்கோட்டைத் தாண்டக்கூடாது.

ஆற்றுக் கல் வெடிக்கும்!

வீட்டுக்கு வெளியே சமைப்பது என்ற பேச்சு வந்ததால் இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும்.

சீசன் நாளில் குற்றாலத்துக்கு வரும் குடும்பங்கள் பல. அருவியில் குளித்தால் பசி எடுக்கும். மூன்று கல்லை எடுத்து வைத்து, சுள்ளியைப் பொறுக்கி அடுப்பு மூட்டினால் என்ன என்று தோன்றும்.

ஓடைக்குள் கிடந்த கல்லை அதற்கு எடுக்கவே கூடாது!

தண்ணீரில் ஊறிக் கிடக்கும் கல்லின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். அடுப்பில் வைத்ததும் அது ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். கல்லுக்குள் ஏது அவ்வளவு இடம்? படார் என்று வெடிக்கும். சிதறும் சில்லு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுப்பைச் சுற்றிக் குழந்தைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓடைப் படுகையில் உட்கார்ந்து சமைப்பதும் வேண்டாம். மலைமேல் பெய்யும் மழை கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. காட்டோரத்தில் தீ மூட்டுவதோ காட்டுக்கே ஆபத்து.

கட்டுச்சோறு கொண்டுபோவதில் உள்ள சுகமே தனி. புளிச்சோறும் துவையலும் எந்தக் கல்லையும் கேட்பதில்லை!

சாரல் சும்மா விடாது

நெருப்பு ஒரு பகை என்றால், ஒட்டுக்கல்லுக்குத் தண்ணீர் இன்னொரு பகை.

மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ஒட்டும் கல் வருடத்தில் பாதி நாள் வெயிலில் காயும். தென்காசியில் அப்படியல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைகிறது. காற்றும் சாரலுமாக மூன்று மாதம் நனைக்கிறது. அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை வந்துவிடுகிறது.

சிமெண்ட் ஒட்டுக்கல் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் தங்கினால் சங்கடம்தான். முதலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு பாசி பிடிக்கும். கடைசியில் ஒருநாள் கல் தானாகப் பெயர்ந்து விழும்.

இதைத் தடுக்க வழி உண்டா? உண்டு.

சுவரில் பழைய சுண்ணாம்போ பெயிண்டோ இருந்தால் முழுவதும் சுரண்டி எடுக்கவேண்டும். வழவழப்பான சுவரைக் கொத்திவிட வேண்டும். கல்லின் முதுகிலும் சுவரிலும் கலவை பூசி, இடையில் பொந்து விழாமல் அழுத்தி ஒட்டவேண்டும். நான்கு மூலையிலும் நான்கு உருண்டை கலவை வைத்து ஒட்டுகிறவர் கையில் வேலையைக் கொடுக்கக்கூடாது. அந்தப் பொந்துதான் தண்ணீருக்குத் தொட்டில்.

கல் தரையைத் தொடக்கூடாது. மண் தரையானால் 4 அங்குலம், சிமெண்ட் தரையானால் 2 அங்குலம் இடைவெளி விட்டு மேலே தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் தரை ஈரத்தை அது விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுக்கும்.

உச்சியில் ஒரு மூடுகல் வேண்டும். அது சுவரைவிட வெளியே நீண்டு, மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டும்படி இருக்கவேண்டும்.

ஏற்கனவே ஓதம் காத்த சுவரை மறைப்பதற்காக ஒட்டுக்கல் வாங்குகிறவர்களும் உண்டு. புண்ணைக் கழுவாமல் பட்டுத்துணியால் மூடுவது போன்றது அது. உள்ளே புண் வளரும். முதலில் ஓதத்துக்குக் காரணம் கண்டு அடைக்கவேண்டும்.

கணப்பு யாருக்கு?

இனி, கணப்பு அடுப்புக்கு வருவோம்.

ஜான் சல்லிவன் என்ற கோயம்புத்தூர் கலெக்டர் 1822-ல் ஊட்டியில் ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். அதன்பின் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் கணப்பு அடுப்பும் புகைக்கூண்டும் வந்தன. அங்கே அது அலங்காரம் அல்ல. உறைபனி விழும் இரவில் உயிருக்குத் துணை.

தென்காசியில் உறைபனி விழுவதுண்டா? பட்டாசலில் மின்விசிறி சுழலாமல் உறங்க முடிகிற நாட்கள் எத்தனை? சாரல் காற்றுக்கு ஒரு போர்வை போதாதா?

ஆனாலும் சில வீடுகளில், சில விடுதிகளில், கணப்பைப்போல் ஒன்று கட்டி ஒட்டுக்கல் பதிக்கிறார்கள். உள்ளே நெருப்பு இருக்காது. சிவப்பு மின்விளக்கு எரியும். போலிக் கல்லுக்குள் போலி நெருப்பு!

காசு உள்ளவர்கள் ஆசைக்குச் செய்துவிட்டுப் போகட்டும். அதில் ஒரு நாள் நிஜ விறகை வைத்துக் கொளுத்திப் பார்க்காமல் இருந்தால் சரி. புகை போக வழியில்லாத மூடிய அறையில் கரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கினால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு சேர்ந்து ஆளையே கொன்றுவிடும். மலையூர் விடுதிகளுக்குப் போகிறவர்களும் இதை நினைவில் வைக்கவேண்டும்.

புகை போக வழி

வெளி அடுக்களை அப்படியல்ல. அது இந்தச் சீமைக்குப் பழக்கமானது, தேவையானது.

திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் தார்சா உண்டு, பட்டாசல் உண்டு, அடுக்களை உண்டு. அதற்கும் பின்னால் புறவாசலில் ஒரு வெளியடுப்பும் இருக்கும். நெல் அவிப்பது அங்கே. வெந்நீர் போடுவது அங்கே. கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கோட்டை அடுப்பு வெட்டிப் பெரிய அண்டாவை ஏற்றுவதும் அங்கேதான். புகையும் சூடும் வீட்டுக்குள் வராமல் இருக்க முன்னோர் செய்த ஏற்பாடு அது.

புகை சாதாரணப் பகை அல்ல. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம் போன்றவற்றின் புகையால் 2020-ம் ஆண்டில் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்!

புகையில்லா அடுப்பு வேண்டும் என்று நம் நாட்டில் அந்நாளிலேயே பாடுபட்டவர்கள் உண்டு. வார்தாவில் மகன்வாடி என்ற கிராமத் தொழில் நிலையத்தில் 1947-ல் 'மகன் அடுப்பு' உருவாயிற்று. 1953-ல் ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜூ என்ற என்ஜினீயர் ஏழை வீடுகளுக்கென்று புகையில்லா அடுக்களைத் திட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டார். 2016-ல் ஏழைக் குடும்பப் பெண்களுக்கு காஸ் இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் வந்தது.

இத்தனை பேர் பாடுபட்டது எதற்காக? அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் நெஞ்சுக்காக. அடுப்பின் முகம் மின்னுவதற்காக அல்ல.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு வீட்டை எண்ணிப்பாருங்கள். புறவாசலில் வெளி அடுக்களை கட்டப்போகிறார்கள். கொத்தனார் வந்திருக்கிறார். மகன் ஒட்டுக்கல் படத்தை நீட்டுகிறான்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லை மூணு பக்கமும் ஒட்டணும். பார்க்கிறவன் அசந்து போகணும்."

"ஒட்டிரலாம் தம்பி. ஆனா இந்தத் துட்டுக்குள்ள புகைக்குழாய் வைக்க முடியாது. பரவாயில்லையா?"

"வெளியேதானே சமைக்கப்போறோம்? புகை தானாப் போயிராதா?"

அம்மா குறுக்கே வருகிறாள்.

"ஏலே, ஆடி மாசக் காத்து மேற்கேயிருந்து அடிக்கும்போது புகை எங்கே போகும்? என் மூஞ்சிக்குத்தான் வரும். முப்பது வருசம் ஊதுகுழலை ஊதினவ நான். கல்லை நீ நாளைக்கு ஒட்டு. குழாயை இன்னைக்கு வை!"

கொத்தனார் சிரிக்கிறார். "அக்கா சொல்றதுதான் சரி" என்கிறார்.

அந்த அம்மா சொன்னதில்தான் முழு நியாயமும் இருக்கிறது. கையில் இருக்கும் பணம் முதலில் மேற்குப் பக்கம் காற்றுத் தடுப்புச் சுவருக்குப் போகட்டும். பிறகு தீச்செங்கல்லுக்கு. பிறகு கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் புகைக்குழாய்க்கு. கீற்றுக்கொட்டகை என்றால் குழாயைச் சுற்றித் தாராளமாக இடம் விடவேண்டும். பொறி பறந்தால் கொட்டகை தங்காது. பிறகு தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு. பிறகு, இடுப்பு ஒடியாமல் நின்று சமைக்கும் மேடைக்கு.

இவ்வளவும் போக மிச்சம் இருந்தால் ஒட்டுக்கல் வரட்டும். தாராளமாக வரட்டும்!

சிலிண்டர் மூச்சு விடட்டும்

வெளி அடுக்களையில் காஸ் அடுப்பு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்.

மேடைக்குக் கீழே சிலிண்டரை வைத்து, நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, ஒட்டுக்கல் பதித்து, ஒரு கதவும் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால், சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறக்காது. தரையோடு தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

ஆகையால் அந்த அறையின் அடிப்பக்கத்தில், தரையை ஒட்டி, காற்று வெளியேறத் திறப்புகள் கட்டாயம் வேண்டும். அழகு கெடுகிறதே என்று அதைக் கல் வைத்து அடைத்துவிடக்கூடாது. சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். படுக்கவைக்கக்கூடாது.

வெட்டுகிறவரின் நெஞ்சு

சமைப்பவளின் நெஞ்சைப் பற்றிப் பேசினோம். கல் வெட்டுகிறவரின் நெஞ்சு?

ஒட்டுக்கல்லை மூலைக்கு ஏற்றபடி மிஷினால் அறுக்கிறார்கள். வெண்புகைபோல் தூசி எழும்புகிறது. அதில் மணலின் சாரமான சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். வருடக்கணக்கில் சேர்ந்தால் 'சிலிக்கோசிஸ்' என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை.

சமையல் மேடைக்குப் பலகையாக வருகிற செயற்கைப் படிகக் கல்லில் சிலிக்கா இன்னும் அதிகம். அதை அறுத்த இளைஞர்கள் பலர் நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. உலகத்திலேயே முதல் தடை அது.

நம் ஊரில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். தண்ணீர் ஊற்றியபடி அறுக்கச் சொல்லலாம். நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுக்கலாம். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் அந்தத் தூசி நிற்காது. பெட்டி பெட்டியாகக் கல் வாங்குகிறவருக்கு ஒரு கவசத்தின் விலை பெரிதா?

மலையா, சிமெண்டா?

"நிஜக் கல் வேண்டும் என்றால் மலையை உடைக்கவேண்டும். ஒட்டுக்கல் மலையைக் காப்பாற்றுகிறதே!" என்று வாதாடுகிறவர்கள் உண்டு.

பாதி உண்மை. உடைத்த மலை திரும்பி வளராது. மலையை நம்பி அருவியும், அருவியை நம்பி வயலும் இருக்கிற ஊரில் அதை அலட்சியம் செய்யமுடியாது.

ஆனால், சிமெண்ட் எங்கிருந்து வருகிறது? சுண்ணாம்புப் பாறையை வெட்டி, சூளையில் 1,450 டிகிரி வரை சுட்டு எடுக்கிறார்கள். மனிதர்கள் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமெண்ட் தொழிலால் வருகிறது. ஆகவே ஒட்டுக்கல்லும் பூமிக்கு இலவசம் அல்ல.

இரண்டுக்கும் நல்ல பதில் ஒன்றுதான். வேண்டிய அளவு மட்டும் வாங்குவது. இருப்பதைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துவது. பழைய வீட்டை இடித்தால் வாசற்படிக் கல்லும், திண்ணைக் கல்லும், உடைந்த ஆட்டுரலும் கிடைக்கும். அவை வெளி அடுக்களைக்கு மேடையாகும், படியாகும், உட்காரும் இடமாகும். அம்மிக்கல்லையும் அங்கேயே போட்டால், விருந்து நாளில் அரைத்த மசாலாவின் மணம் தெருமுனை வரை போகும். அந்தப் பெருமையை எந்தப் பெட்டிக் கல்லும் தராது.

முதலில் எது?

ஒட்டுக்கல்லைப் பொய் என்று திட்டவேண்டியதில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதும் ஒரு வேடம்தானே? அழகாக வாழ ஆசைப்படுவது குற்றமும் அல்ல. குருவி சேர்ப்பதுபோல் சேர்த்து வீடு கட்டுகிறவருக்கு, நாலு பேர் பாராட்டினால் ஒரு சந்தோஷம்.

ஆனால், பாராட்டுகிற நாலு பேர் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்பின் முன்னால் தினமும் நிற்கப்போகிறவர் வேறு.

எனவே, கடைக்குப் போய்ப் பெட்டியைப் பிரிக்கச் சொல்வதற்குமுன், வீட்டில் சமைக்கிறவரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும். புகை எந்தப் பக்கம் வருகிறது? மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது? நின்று சமைக்க மேடை எவ்வளவு உயரம் வேண்டும்?

அந்த மூன்றுக்கும் பதில் கட்டி முடித்தபிறகு, எந்த நிறக் கல் வேண்டும் என்று நான்காவதாகக் கேட்கலாம். அதற்கும் அவரே பதில் சொல்லட்டும்!